ரிசர்வ்

பொருளாதாரக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தில் 'ஒதுக்கீட்டு வங்கி' என்று படித்ததும், யாருக்கு எதை ஒதுக்குகிறார்கள் என்று குழம்பினேன். ரிசர்வ் வங்கியைத்தான் அப்படிப் பெயர்த்திருந்தார்கள். லத்தீனில் 'செர்வாரே' என்றால் காத்தல். முன்னால் 'ரே' சேர, பின்னுக்கு எடுத்துவைத்துக் காத்தல். ரயிலில் இடம் பிடிப்பதும், பெட்ரோல் தீரும்போது 'வண்டி ரிசர்வுக்கு வந்துவிட்டது' என்பதும் அதன் கிளைகள்தாம். வங்கியின் பெயரில் அந்த வேர்ப்பொருள் நேராகவே இருந்தது. 1926இல் ஹில்டன் யங் குழு பரிந்துரைத்து, 1935 ஏப்ரல் 1 அன்று கல்கத்தாவில் தலைமையகத்தோடு வங்கி தொடங்கியபோது, வெளியிடும் நோட்டுகளுக்கு ஈடாக நூற்றுக்கு 40 பங்காவது தங்கமாகவோ ஸ்டெர்லிங் பத்திரமாகவோ வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; அதில் தங்கம் 40 கோடி ரூபாய்க்குக் குறையக் கூடாது. மற்ற வங்கிகளும் தம் வைப்புத்தொகையில் ஒரு பங்கை அங்கே கட்டிவைக்க வேண்டும். 1956இல் அந்த 40 பங்கு விதி போனது, பெயர் நின்றது. இன்று ரிசர்வ் வங்கி என்றதும் வட்டி விகிதம்தான் நினைவுக்கு வருகிறது. இலங்கையில் 1950இல் தொடங்கிய வங்கி 'மத்திய வங்கி' என்று பெயர் வைத்துக்கொண்டதால் அங்கே இந்தச் சிக்கலே இல்லை. தமிழில் என்ன சொல்லலாம்? 'காப்புக்காடு' இருக்கிறதே என்று 'காப்பு வங்கி'யை முயன்றேன். காப்பு கைவளை, வங்கி தோளில் அணியும் நகை. நகைக்கடைப் பலகை போலாகிவிடுகிறது! 'இருப்பு வங்கி' பொருந்தும். வழக்கில் ஊன்றும்வரை ரிசர்வே இருக்கட்டும், 'ஒதுக்கீடு' மட்டும் வேண்டாம்.