அமிஸ்டாட்: கடலைப் பார்த்தவர்களும் கோர்ட்டைப் பார்த்தவர்களும்

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் ‘அமிஸ்டாட்’ 1997இல் வெளிவந்தது. அதைப் பார்த்துவிட்டுப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிவதைக் கவனித்திருக்கிறேன். ஒரு கட்சிக்குப் படத்தின் உயிர் வாஷிங்டன் உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸாக வரும் ஆன்டனி ஹாப்கின்ஸ் மெல்ல எழுந்து பேசத் தொடங்கும்போது அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றக் கட்சிக்கு உயிர் கடலில் இருக்கிறது. எழுச்சித் தலைவன் சிங்கே ரத்தம் கசியும் விரல்களால் பலகையிலிருந்து ஆணியைப் பிடுங்கும் தொடக்கம், டெக்கோரா என்ற அடிமைக் கப்பலின் அடித்தளம், கல் மூட்டையைச் சங்கிலியில் பிணைத்து மனிதர்களை வரிசையாகக் கடலுக்குள் தள்ளும் காட்சி. இவற்றுக்குப் பிறகு வக்கீல்கள் பேசுவதெல்லாம் அவர்களுக்கு உப்புச்சப்பற்றுப் போகிறது.

கடல் கட்சியின் குறை இதுதான்: தங்கள் விடுதலைக்குத் தாங்களே எழுந்தவர்கள், படத்தின் பின்பாதியில் பிறர் பேசக் கேட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வரலாறு இந்தக் குறைக்கு நிறையவே சாட்சி சொல்கிறது. 1839 ஜூலையில், ஹவானாவிலிருந்து புறப்பட்ட அமிஸ்டாடில் 53 ஆப்பிரிக்கர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுச்சி செய்து கப்பலைக் கைப்பற்றி, சூரியன் உதிக்கும் திசைக்கு ஓட்டச் சொன்னார்கள். உயிர் தப்பிய ஸ்பானியர்கள் இரவில் கப்பலை வடக்கே திருப்பி ஏமாற்ற, ஆப்பிரிக்கர்கள் லாங் ஐலண்ட் அருகே அமெரிக்கக் கடற்படையிடம் சிக்கினார்கள். கனெக்டிகட்டில் காவலில் இருந்த காலத்தில் ஆங்கிலம் படித்தார்கள். கலே என்ற சிறுவன் 1841 ஜனவரியில் ஆடம்ஸுக்குத் தன் கைப்பட ஆங்கிலத்தில் கடிதம் எழுதினான். எங்கள் வழக்கை நீங்கள் எப்படிப் பேச வேண்டும் என்று வக்கீலுக்கே சொல்லும் கடிதம் அது. அதைப் படத்தில் வைத்திருக்கலாம். அதற்குப் பதிலாக மார்கன் ஃப்ரீமன் நடிக்கும் ஜோட்சன் என்ற கற்பனைப் பாத்திரம் வருகிறது. ஹார்ட்ஃபோர்டில் ஜேம்ஸ் பென்னிங்டன் என்ற கறுப்பினப் போதகர் இருந்தார். அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்தவர், இந்தக் கைதிகளுக்காக உழைத்தவர். நிஜ மனிதர் இருக்கும்போது கற்பனை எதற்கு என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கோர்ட் கட்சி ஆடம்ஸின் பேச்சைச் சொல்லி மறுக்கும். உருக்கமான பேச்சுதான். ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி ஹாரி பிளாக்மன், நீதிபதி ஜோசப் ஸ்டோரியாக நடித்துத் தீர்ப்பு வாசிப்பதும் நெகிழ்ச்சியானது. ஆனால் நிஜ ஆடம்ஸ் இரண்டு நாளில் எட்டு மணி நேரத்துக்கும் மேலாக வாதாடினார். அன்றைய ஜனாதிபதி வான் பியூரனின் அரசு இந்த வழக்கில் நடந்துகொண்ட விதத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க சிங்கே அங்கே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் முழுக்கக் கடல் கட்சி ஆகிவிடவில்லை. காரணம், இளம் வக்கீல் பால்ட்வின் வரும் தொடக்கக் காட்சிகள். சொத்து வழக்கு பார்க்கிறவன் அவன். இவர்கள் எங்கே பிறந்தார்கள் என்பதே கேள்வி, கியூபாவில் பிறந்திருந்தால் சரக்கு, ஆப்பிரிக்காவில் பிறந்திருந்தால் கடத்தப்பட்டவர்கள் என்கிறான். இரு கட்சியுமே இதில் முகம் சுளிக்கிறது. மனிதனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்தில் சரக்குக் கணக்கா என்ற அருவருப்பு. எனக்கோ படத்திலேயே உண்மைக்கு மிக நெருங்கிய இடம் அதுதான் என்று படுகிறது. பிரிட்டனோடு செய்த ஒப்பந்தப்படி ஸ்பெயின் 1820 முதல் ஆப்பிரிக்க அடிமை வாணிபத்தைத் தடை செய்திருந்தது. அதனால்தான் அவர்களைக் கியூபாவின் பழைய அடிமைகள் என்று காட்ட ஸ்பானியப் பெயர்களோடு பொய்ப் பத்திரம் தயாரானது. அந்தப் பத்திரம் பொய் என்று நிறுவியதில்தான் வழக்கு வென்றது.

இதை நம்பாமல், படம் நீதிபதியையே மாற்றிவிடுகிறது. அரசு ஓர் இளைஞரைக் கொண்டுவந்து உட்கார்த்துகிறது. அவர் தேவாலயத்தில் மண்டியிட்டு மனசாட்சியைக் கேட்டுத் தீர்ப்பளிக்கிறார். பார்வையாளர்கள் கண்கலங்கும் இடம் இது. நிஜத்தில் 1840 ஜனவரியில் கீழ் நீதிமன்றத்தில் தீர்ப்புச் சொன்னவர் ஆண்ட்ரூ ஜட்சன். சில ஆண்டுகளுக்கு முன், கறுப்பினப் பெண்களுக்குப் பள்ளி நடத்திய புரூடன்ஸ் கிராண்டலை ஊரை விட்டு விரட்டுவதில் முன்னின்றவர். அப்படிப்பட்டவரையும் இந்த வழக்கில் கட்டிப்போட்டது சட்டத்தின் ஒரு வரி. இதை அப்படியே எடுத்திருந்தால் கோர்ட் காட்சிகளுக்குக் கடல் காட்சிகளின் கனம் வந்திருக்கும். கடல் கட்சிக்கும் அலுத்திருக்காது.

அந்த ஒரு வரி எதுவரை நீண்டது என்பதும் தெரிந்திருக்கும். 1841 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அவர்களைச் சுதந்திர மனிதர்கள் என்றது. உயிரோடு மிஞ்சிய 35 பேர் அடுத்த ஜனவரியில் சியரா லியோனில் இறங்கினார்கள். அடிமைமுறை தவறு என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. அதே கப்பலில் அந்தோனியோ என்ற பையன் இருந்தான், கொல்லப்பட்ட கப்பல் தலைவன் ஃபெரரின் அடிமை. அவனுடைய பத்திரத்தில் பொய் இல்லை. ஆகவே அவனை ஃபெரரின் வாரிசுகளிடம் திருப்பி அனுப்பச் சொன்னார் ஜட்சன். படத்தைப் புகழ்பவர்கள் பேச்சிலும் சரி, பழிப்பவர்கள் பேச்சிலும் சரி, அவன் பெயரை நான் கேட்டதில்லை. அடிமை ஒழிப்பு இயக்கத்தார் அவனை ரகசியமாகக் கனடாவுக்குக் கடத்திவிட்டார்கள்.