சட்டாம்பிள்ளையின் இங்கிலீஷ்

குற்றாலத்தில் சாரல் தொடங்குவதும் பள்ளிக்கூடம் திறப்பதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான். ஜூன் பிறந்தால் தென்காசிக் கடைகளில் ஒரு பக்கம் குடைகள் தொங்கும். இன்னொரு பக்கம் பள்ளி நோட்டுகள் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். அவற்றில் நாலுகோடு நோட்டு என்று ஒன்று உண்டு. தமிழுக்கு அது தேவையில்லை, இங்கிலீஷுக்கு மட்டும்தான். சின்ன எழுத்தில் 'பி' மேல்கோட்டுக்கு ஏற வேண்டும், 'ஜி' அடிக்கோட்டுக்கு இறங்க வேண்டும். ஏறி இறங்கக் கற்றுக்கொண்டபின் பாட்டு தொடங்கும்: சி ஏ டி கேட், கேட்டுன்னா பூனை.

இந்தப் பாட்டைக் கேட்டுச் சிரிக்காத கல்வி அறிஞர் கிடையாது. ஆனால் அதன் அமைப்பைக் கொஞ்சம் கவனித்தால் அது எங்கிருந்து வந்தது என்று தெரியும். முதலில் எழுத்து, அடுத்து சொல், அதற்குப்பின் பொருள். மூன்றும் ஒரே மூச்சில், ஒரு தாளத்தில். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நிகண்டு படித்த முறை இதுவேதான். இங்கிலீஷ் கடல் தாண்டி வந்தது. அதை வாங்கி வைத்துக்கொண்ட இடம் திண்ணை.

திண்ணைப் பள்ளியில் ஓர் ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள். புதிதாக வந்தவன் மணலில் விரலால் எழுத்தைப் போட்டுப் பழகுவான். ஆத்திசூடி, எண்சுவடி, நிகண்டு எல்லாம் ஒப்பித்தல்தான். ஆசிரியர் எல்லோரையும் பார்த்துக்கொள்ள முடியாது. மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளை. அவன் கற்றதை அடுத்தவனுக்குச் சொல்லித் தருவான், ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பான், தேவைப்பட்டால் குட்டுவான்.

இந்தச் சட்டாம்பிள்ளை இங்கிலாந்துவரை போனது பலருக்கும் தெரியாத கதை. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் 1789-ல் சென்னை எழும்பூரில், ராணுவத்தாரின் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளியில் பொறுப்பேற்றார். தமிழ்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அவருடைய ஆசிரியர்களுக்கு அது பிடிக்கவில்லை. பெல் பிடிவாதக்காரர், ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு அரிச்சுவடி வகுப்பை அவன் கையில் ஒப்படைத்தார். பையன் பெரியவர்களைவிட நன்றாகவே நடத்தினான். ஊர் திரும்பியதும் 1797-ல் பெல் இதைப் புத்தகமாக்கினார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பரவியது. இங்கிலீஷ்காரப் பிள்ளைகளே தங்கள் இங்கிலீஷைத் தமிழ்த் திண்ணையின் முறையில் எழுத்துக்கூட்டிப் படித்த காலம் ஒன்று இருந்திருக்கிறது.

பெல் கிளம்பிப்போன கால் நூற்றாண்டுக்குப்பின், 1822-ல், ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன என்று கலெக்டர்களிடம் கணக்குக் கேட்டார். 1826-ல் அவர் எழுதிய குறிப்பின்படி மொத்தம் 12,498. திருநெல்வேலிச் சீமையும் இந்தக் கணக்குக்குள் அடக்கம். அத்தனை பள்ளிகளிலும் இங்கிலீஷுக்கு ஏறக்குறைய இடமே இல்லை.

இங்கிலீஷைக் கொண்டுவந்தவர்கள் என்றால் உடனே பாதிரிமார்களைத்தான் சொல்வார்கள். நெல்லைச் சீமையில் கதை அவ்வளவு நேராக இல்லை. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் பிரஷ்யாவில் பிறந்த ஜெர்மானியர். இங்கிலீஷ் அவருக்கே அயல்மொழி. அவர் முதலில் செய்த காரியம் தமிழ் படித்தது. 1834-ல் தமிழ் இலக்கணம் ஒன்றை இங்கிலீஷில் எழுதி வெளியிட்டார். அவரும் பின்வந்தவர்களும் கிராமங்களில் தொடங்கிய பள்ளிகளில் பாடம் தமிழில்தான். பைபிள் வாசிக்கத் தமிழ் போதும் அல்லவா. இன்றைய தென்காசி மாவட்டத்தின் சுரண்டை, நல்லூர் வட்டாரங்களில் மிஷன் கால் பதித்தபோதும் ஊர்ப் பள்ளியின் மொழி மாறவில்லை. இங்கிலீஷ், ஊழியர்களைத் தயார்செய்யும் செமினரிகளோடு நின்றது.

மாற்றியது பரீட்சை. 1835-ல் மெக்காலே குறிப்பு எழுதினார், 1854-ல் உட்டின் கல்வி அறிக்கை வந்தது. ஊர்க்காரர்களுக்கு இரண்டும் தெரியாது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்து, மெட்ரிகுலேஷன் என்ற வாசலை நிறுத்தியது. அந்த வாசலைத் தாண்டாமல் வக்கீலாக முடியாது, நல்ல உத்தியோகம் கிடையாது. இது எல்லோருக்கும் உடனே தெரிந்தது. தென்காசிக்கு மேற்கே சில கல் தொலைவு போனால் கணக்கே வேறு. செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. சுவாதித் திருநாள் 1834-ல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய இங்கிலீஷ் பள்ளி பின்னர் வளர்ந்து கல்லூரியாயிற்று. ஆக, தென்காசிப் பையன் இங்கிலீஷ் படிக்கக் கிழக்கே நெல்லைக்கு வண்டி ஏறினான்; செங்கோட்டைப் பையனுக்கு மலை தாண்டி மேற்கே ஒரு வழி இருந்தது. 1904-ல் ஆரியங்காவு கணவாய் வழியாக ரயில் ஓடத் தொடங்கியபின் இரு பக்கமும் கைக்கெட்டும் தூரமாயிற்று.

நெல்லைக்கு இங்கிலீஷ் படிக்கப் போன பையன்களில் மிகவும் புகழ்பெற்றவன் எட்டயபுரத்துச் சுப்பிரமணியன். 1894 முதல் 1897 வரை இந்து கல்லூரிப் பள்ளியில் படித்தான். அந்தப் படிப்பைப் பற்றி, பாரதியாக வளர்ந்தபின் 'சுயசரிதை'யில் அவர் கொட்டித்தீர்த்த கசப்பை எந்தக் கல்வி ஆய்வும் மிஞ்ச முடியாது. தந்தைக்குப் பணம் போனது, தனக்கு நன்மை எதுவும் வரவில்லை என்கிறார். அவருடைய குற்றச்சாட்டு வெள்ளைக்காரன் மொழி என்பதோடு நிற்கவில்லை. வருடக்கணக்காக ஒன்றைப் படித்தும் அதன் உள்ளே போகாத படிப்பு அது என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதே மனிதர் ஷெல்லியில் மயங்கி 'ஷெல்லிதாசன்' என்று பெயர் வைத்துக்கொண்டவர், இங்கிலீஷில் கட்டுரையும் கவிதையும் எழுதியவர். மனைவி செல்லம்மாவின் ஊரான கடையத்தில், தென்காசிக்குப் பக்கத்திலேயே, 1918-லிருந்து 1920 வரை வாழ்ந்தார். இங்கிலீஷ் அவருக்கு வந்தது. வகுப்பறையால் வந்தது என்று அவர் நம்பவில்லை.

அதே கேள்வியைக் குற்றாலத்தில் உட்கார்ந்து, கோபம் இல்லாமல், வெற்றிலைச் சிவப்போடு கேட்டவர் ரசிகமணி டி.கே.சி. 1882-ல் பிறந்தவர், பூர்வீகம் தென்காசி. சென்னையில் பட்டம், பிறகு சட்டம், சட்டமன்ற மேலவை, அறநிலையத்துறை ஆணையர் பதவி என்று இங்கிலீஷ் திறந்துவிட்ட எல்லா வாசலும் பார்த்தாயிற்று. அப்புறம் குற்றாலத்துக்கு வந்து கம்பனோடு உட்கார்ந்துவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவர் வீட்டுக்கு விருந்தாளிகள். பாடம் தாய்மொழியில்தான் நடக்க வேண்டும் என்பது அவர் விடாமல் சொன்ன விஷயம். அவர் இங்கிலீஷை வெறுத்தவர் அல்ல; ஷேக்ஸ்பியரை ருசித்தவர். ருசிக்கத் தெரியாமல் ஒப்பிப்பதுதான் அவருக்குப் பிடிக்காது. மொழி இதயத்துக்குப் போக வேண்டும், நினைவறையில் மூட்டை கட்டி வைக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

1924-ல் நெல்லை வண்ணார்பேட்டையில் தொடங்கிய அவருடைய வட்டத்தொட்டிச் சபையை ஒரு வகுப்பறையாகப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். அங்கே ஒரு பாட்டை எடுத்தால் அரை நாள் போகும். ஒப்பித்தல் கிடையாது, சட்டாம்பிள்ளை கிடையாது. இந்த வட்டத்தோடு பழகியவர்களில் இங்கிலீஷ் பேராசிரியர் ஆ. சீனிவாசராகவன் உண்டு, கம்பனில் தோய்ந்த அவர் 1968-ல் தமிழ்க் கவிதைக்காக சாகித்ய அகாதமி விருது பெற்றார். நீதிபதி எஸ். மகராஜன் ஹாம்லெட், மாக்பெத், லியர் மூன்றையும் தமிழுக்குக் கொண்டுவந்தார். ஷேக்ஸ்பியரை உருப்போட்டுப் பரீட்சை எழுதியவர்கள் அந்தத் தலைமுறையில் ஆயிரக்கணக்கானோர் இருந்திருப்பார்கள். அவரைத் தமிழில் பேசவைக்க வந்தவர் டி.கே.சி.யிடம் தமிழ் கேட்டவர்.

1930களின் இறுதியில் சென்னை மாகாண உயர்நிலைப் பள்ளிகளில் மற்றப் பாடங்கள் தாய்மொழிக்கு மாறத் தொடங்கின. டி.கே.சி. கேட்டது ஓரளவு நடந்தது. அதனால் இங்கிலீஷுக்கு ஒரு சிக்கல் வந்தது. அதுவரை கணக்கு, சரித்திரம், பூகோளம் எல்லாவற்றையும் இங்கிலீஷில் படித்ததால் பையனுக்கு அந்த மொழி எப்படியோ ஒட்டிக்கொண்டது. இனி தினம் ஒரு மணி நேரப் பாடம் மட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் எப்படிச் சொல்லித் தருவது? இங்கிலீஷ் கற்பித்தல் என்பது ஒரு தனிச் சாஸ்திரமாக நம் பக்கம் வந்து சேர்ந்தது இந்தக் கேள்வியால்தான். டாக்காவில் மைக்கேல் வெஸ்ட் 1920களிலேயே இதை ஆராய்ந்து, பேச வைப்பதைவிட வாசிக்க வைப்பதே இந்தியப் பிள்ளைக்குப் பயன் என்று முடிவுகட்டியிருந்தார். சென்னை அரசு வேறு பாதையில் போனது. 1950களில் 'ஸ்ட்ரக்சுரல்' முறை வந்தது. இலக்கண விதி சொல்லித்தர வேண்டாம். வாக்கிய அமைப்புகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாயால் சொல்லிப் பழக்க வேண்டும் என்றது அது.

ஆசிரியர் பேனாவைத் தூக்கிக் காட்டுவார்: திஸ் இஸ் எ பென். வகுப்பு முழுக்கத் திருப்பிச் சொல்லும். பிறகு வாசலை நோக்கி நடந்தபடியே, ஐ யாம் கோயிங் டு த டோர் என்பார். வீட்டில் யாராவது நடந்துகொண்டே 'நான் கதவண்ட போய்க்கிட்டு இருக்கேன்' என்று அறிவித்தால் வைத்தியரைக் கூப்பிடுவார்கள். வகுப்பில் அது பாடம்.

இந்த முறையைச் சொல்லித்தர ஆசிரியர்கள் வேண்டுமே. ஆரம்ப வகுப்பில் இங்கிலீஷ் நடத்துகிறவர்கள் மாநிலம் முழுக்க 27,000 பேர். அவர்களில் பலருக்கு இங்கிலீஷே தடுமாற்றம். பிரிட்டிஷ் கவுன்சில் உதவியோடு அரசு ஒரு திட்டம் போட்டது: சில நிபுணர்கள் ஒரு சிறு குழுவைப் பழக்குவார்கள், அந்தக் குழு மாவட்டங்களுக்குப் போய் இன்னும் பலரைப் பழக்கும், அவர்கள் மற்றவர்களை. டி.ஏ. ஸ்மித் 1962-ல் ஓர் இங்கிலீஷ் கற்பித்தல் ஏட்டில் இதைப் பற்றி எழுதியபோது வைத்த பெயர் 'மதராஸ் பனிப்பந்து'. உருள உருளப் பெரிதாகும் என்ற அர்த்தத்தில். பனியே விழாத நாட்டுக்கு இப்படி ஒரு பெயர்! ஆசிரியர் பயிற்சி பற்றிய உலகப் பேச்சில் இந்த முயற்சிக்கு இன்றும் இடம் உண்டு.

பெயர் எதுவானால் என்ன, ஆள் பழைய ஆள்தான். கற்றவன் அடுத்தவனுக்குச் சொல்வான், அவன் அதற்கடுத்தவனுக்கு. எழும்பூரில் பெல் பார்த்த சட்டாம்பிள்ளை இப்போது ஆசிரியர் வேடத்தில் மாநிலம் முழுக்க உலா வந்தார். திண்ணையில் அவர் தேறியதற்குக் காரணம், அவர் சொல்லித்தந்தது அவருக்கு முழுதாகத் தெரிந்த தமிழ் எழுத்து. இங்கே ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சம் சிந்தியது. மலைமேல் கொட்டுகிற மழை தென்காசித் தெருவுக்கு வரும்போது தூற்றலாவது போல, லண்டனில் கிளம்பிய முறை ஊராட்சிப் பள்ளிக்கு வந்தபோது 'திஸ் இஸ் எ பென்'தான் மிச்சம். அதையும் பிள்ளைகள் நிகண்டுத் தாளத்திலேயே வாங்கிக்கொண்டார்கள்.

சட்டாம்பிள்ளையை வேலையை விட்டு நிறுத்தப் பார்த்த ஒரே ஆள் என்.எஸ். பிரபு. பெங்களூர் வட்டார இங்கிலீஷ் நிறுவனத்தை மையமாக வைத்து, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பள்ளிகளில் அவர் நடத்திய சோதனை, இன்று உலகெங்கும் ஆசிரியர் பயிற்சியில் படிக்கப்படும் 'பெங்களூர் திட்டம்'. வாக்கியத்தைப் பழக்காதே, பிள்ளைக்கு ஒரு வேலை கொடு என்றார் பிரபு. ரயில் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, இந்த வண்டியைப் பிடித்தால் எத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்று கேள். விடை தேடும் மும்முரத்தில் மொழி தானாக உள்ளே போகும். முதலில் ஒரு கணக்கை ஆசிரியர் வகுப்போடு சேர்ந்து செய்வார்; அதேபோன்ற இன்னொன்றை மாணவன் தனியாகச் செய்ய வேண்டும். குழுவாக உட்காரவைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பதை அவர் விரும்பவில்லை. அரைகுறை இங்கிலீஷ் அரைகுறை இங்கிலீஷையே வளர்க்கும் என்ற பயம். 1985-ல் பெரெட்டாவும் டேவிஸும் வெளியிட்ட மதிப்பீடு அவர் பக்கம் சாய்ந்தது, முழுமனதோடு அல்ல. பிரபுவும் 1990-ல், சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று வாதாடிக் கட்டுரை எழுதினார்.

தென்காசிப் பக்கத்தில் இதற்குள் வேறு காரியங்கள் நடந்துவிட்டிருந்தன. 1964-ல் குற்றாலநாதர் கோயிலின் பொறுப்பில் பராசக்தி மகளிர் கல்லூரி வந்தது. ஊர்ப் பெண்கள் பட்டப்படிப்புக்கு வெளியூர் போக வேண்டியதில்லை என்றாயிற்று. கோயில் நடத்தும் கல்லூரியில் இங்கிலீஷ் பாடம். ரேனியஸ் பார்த்திருந்தால் புருவத்தை உயர்த்தியிருப்பார். 1968-ல் இருமொழிக் கொள்கை. 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் இங்கிலீஷ் வழிப் பிரிவுகள். டி.கே.சி. வாதாடி வாங்கியதைப் பெற்றோர்களே வரிசையில் நின்று திருப்பிக் கொடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்லும் தகுதி, பிள்ளையை மெட்ரிக் பள்ளியில் சேர்த்துவிட்டுத் தமிழ்வழியைப் போற்றுகிறவர்களுக்கு இல்லை. குற்றாலத்துக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனத்தின் அலுவலகம் வந்தபின், இங்கிலீஷுக்காக ஊரைவிட்டுக் கிளம்ப வேண்டும் என்ற நூற்றைம்பது வருடக் கணக்கும் கொஞ்சம் ஆட்டம் கண்டது. அந்த நிறுவனம் பள்ளி முடித்தவர்களுக்காக நடத்தும் படிப்பில் கணிதமும் நிரலாக்கமும் போல இங்கிலீஷும் ஒரு பாடம்.

2022-ல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரைக்கு என்று வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கப்படுகிறார்கள். தமிழ், கணக்கோடு இங்கிலீஷும் ஆட்டம் பாட்டமாக நடக்கிறது. ஒரே அறையில் பல நிலைப் பிள்ளைகள், ஒரே டீச்சர். அவர் அரும்புகளோடு இருக்கும் நேரத்தில் மலர்களில் யாராவது மொட்டுகளுக்குச் சொல்லித் தராமலா இருப்பார்கள்?

தென்காசி ரயில் நிலையத்தில் செங்கோட்டை வண்டிக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் ஒலிபெருக்கியோடு போட்டி போடுவார்கள். 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' முடிந்து, இந்தி முடிந்து, 'மே ஐ ஹேவ் யுவர் அட்டென்ஷன் ப்ளீஸ்' வரும்போது அதே இழுப்பில், அதே மூக்குக் குரலில் கூடவே சொல்வார்கள். தாளம் பிசகாது. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டால், மூத்தது இளையதைப் பார்க்கும். இளையது அறிவிப்புப் பலகையைப் பார்த்து எழுத்துக்கூட்டும்.