நடுக்கம்பியின் வரலாறு

1882-இல் நியூயார்க்கில் எடிசன் இரு கம்பிகளால் மின்சாரம் வழங்கினார். செம்புச் செலவு மிகுந்தது. 1883-இல் சன்பரி நகரில் இரண்டு டைனமோக்களைத் தொடராக இணைத்து, நடுவிலிருந்து மூன்றாம் கம்பி எடுத்தார். இருபுறச் சுமைகளின் வேறுபாடு மட்டுமே அதில் ஓடியது. செம்புத் தேவை பாதிக்கும் கீழாயிற்று. அதுவே ‘நியூட்ரல்’.

பெயர் நிலைத்தது, தன்மை மாறிற்று. இன்று நம் இல்லங்களில் லைன் கம்பியில் வரும் மின்னோட்டம், சுவிட்சு கடந்து லோடு கம்பியாய் விளக்கை அடைந்து, முழுவதும் நியூட்ரல் வழியே மீள்கிறது. ஆதலின் பெயரை நம்பி அதனைத் தொடலாகாது. சுவிட்சு லைன் கம்பியிலேயே அமைதல் வேண்டும். நியூட்ரலில் அமைந்தால், விளக்கு அணைந்த பின்னும் ஹோல்டரில் அபாயம் நிற்கும்.

அயலூரில் வாடகை வீடு புகும் நாம், பால் காய்ச்சுமுன் தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு இதனைச் சோதித்தறிவது நலம்.