எதை முதலில் படிப்பது?

சென்ற மாதம் ஆர்.எஸ்.புரத்திலிருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகன் கல்லூரி மாணவன். கைபேசிக்குச் செயலி எழுத வேண்டுமென்ற ஆசையில் கோட்லின் என்னும் கணினி மொழியைக் கற்கத் தொடங்கியிருந்தான். மூன்று வாரமாகியும் முதல் செயலி உருவாகவில்லை. முகம் வாடிக் கிடந்தது.

“மொழி அவ்வளவு கடினமா, கண்ணு?” என்றேன்.

“அதில்லீங்க மாமா. பாடம் ஆயிரக்கணக்கில கெடக்குதுங்க. எதை மொதல்ல படிக்கிறதுன்னே தெரியலீங்க. என் மண்டையிலதான் ஏறலையோன்னு இருக்குதுங்க.”

கணினி மொழி எனக்குத் தெரியாது. ஆனால் இந்தத் திகைப்பு தெரியும். சிறுவயதில் கவுலி பிரவுன் ரோட்டு மாவட்ட மைய நூலகத்தில், அலமாரிகளுக்கு நடுவே நானும் இப்படி நின்றிருக்கிறேன்.

இந்தத் திகைப்பைத் தீர்க்கவே ஆயுளைச் செலவிட்டவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்தவர், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931-ல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து ஒரு நூல் வெளியிட்டார். வாசகனுக்கு உரிய புத்தகம் அவன் கைக்கு வர வேண்டும். தேடுவதில் அவன் காலம் வீணாகக் கூடாது. நூலகம் ஓய்வின்றி வளர்வது என்பவை அவற்றுள் மூன்று. அவர் இடைவிடாது முயன்றதால் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. அப்போது கல்வி அமைச்சர் நம் கோவை ஜில்லாவைச் சேர்ந்த அவினாசிலிங்கம் செட்டியார்.

வளர்வது என்றால் பழையது பின்தங்கும் என்றும் பொருள். கோட்லினின் சரித்திரமே அதற்குச் சாட்சி. 2011-ல் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் இதை அறிவித்தது. பெயர் பின்லாந்து வளைகுடாவிலுள்ள ஒரு தீவினுடையது. அந்நாளில் ஆண்ட்ராய்டு செயலிகளைப் பெரும்பாலும் ஜாவா மொழியில் எழுதினார்கள். 2017-ல் கூகுள் கோட்லினை ஏற்றது. 2019-ல் அதற்கே முதலிடம் தந்தது. முன்பெல்லாம் திரையின் அமைப்பைத் தனிக் கோப்பில் எழுதுவார்கள். 2021-ல் கம்போஸ் என்னும் கருவி முழு வடிவம் பெற்றபின், அதையும் கோட்லினிலேயே எழுதும் வழக்கம் பரவியது.

மருமான் சேர்த்து வைத்திருந்த பாடங்களின் தேதியைப் பார்க்கச் சொன்னேன். ஒன்று 2018, மற்றொன்று 2023. முன்னதில் தனிக் கோப்பு உண்டு; பின்னதில் இல்லை. இரண்டும் நல்ல பாடங்களே. இரண்டையும் கலந்துதான் பையன் குழம்பியிருக்கிறான். அவன் மூளைமீது குற்றமில்லை!

மறுநாள் தன் ஆசிரியரைக் கேட்டு மூன்றே வரியில் ஒரு பட்டியல் கொண்டுவந்தான். முதலில், மொழியை ஆக்கியவர்களே எழுதிய வழிகாட்டி. அடுத்து, கோவான்ஸ் என்ற அவர்களுடைய சிறு பயிற்சிகள். அதன்பின், கூகுள் இலவசமாக வெளியிட்ட கம்போஸ் பாடங்கள்.

பட்டியலின் தலையில் அன்றைய தேதியை எழுதச் சொன்னேன்.

“எதுக்குங்க மாமா?”

“நாளைக்கு இதை இன்னொரு பையன் கேட்பான். எடுத்துக் கொடுக்குமுன் ஒருமுறை திருத்திக் கொடு” என்றேன்.