புதுச்சேரிக் கடலோர டயாட்டங்கள்

டயாட்டம் சிலிக்காவால் ஓடு கட்டி வாழும் ஒற்றைச் செல் பாசி. தேங்காய்த்திட்டு, அரியாங்குப்பம் கழிமுகங்களில் ஓதம் வடிந்தபின் சேற்றின் மேல் பொன்பழுப்பாக மினுங்கும் மெல்லிய படலம் பெரும்பாலும் இவற்றின் கூட்டமே. பச்சையத்தோடு ஃபியூகோசாந்தின் என்ற நிறமியும் இருப்பதால் வரும் நிறம் அது.

ஓடு இரு பாதிகளால் ஆனது. சம்படத்தை அதன் மூடி கவ்வுவதுபோல் மேல்பாதி கீழ்ப்பாதியைக் கவ்வியிருக்கும். நீரில் கரைந்த சிலிசிக் அமிலத்தைச் செல் உறிஞ்சி, தனக்குள் ஒரு சவ்வுப்பையில் சேர்க்கிறது. சிலாஃபின் புரதங்களும் பாலிஅமீன்களும் அதைத் திடச் சிலிக்காவாக இறுகச் செய்கின்றன. உலையும் நெருப்பும் இல்லாமல், கடல்நீரின் வெப்பத்திலேயே, நுண்துளைகள் வரிசை பிசகாமல் அமைந்த ஓடு சில மணி நேரத்தில் உருவாகிவிடுவது வியப்புக்குரியது.

செல் பிரியும்போது ஒவ்வொரு சேயும் தாயோட்டின் ஒரு பாதியைப் பெற்று, அதற்குள் அடங்கும் பாதியைப் புதிதாகக் கட்டும். கீழ்ப்பாதியைப் பெற்ற சேய் தாயைவிடச் சற்றுச் சிறுத்துவிடும். பல இனங்களில் இச்சிறுக்கம் தலைமுறைகளாகத் தொடர்ந்து ஓர் எல்லையைத் தொட்டதும் பாலினப் பெருக்கம் நடக்கிறது. அதில் பிறக்கும் ஆக்சோஸ்போர் உப்பி, பழைய அளவை மீட்கும்.

ஓட்டுக்கான சரக்கு மலையிலிருந்து வருகிறது. செஞ்சிக் குன்றுகளின் பாறையில் உள்ள ஃபெல்ஸ்பாரை மழைநீர் மெல்ல அரிக்க, வெளிப்படும் சிலிசிக் அமிலத்தைச் சங்கராபரணி ஆறு சுமந்துவந்து, அரியாங்குப்பம், சுண்ணாம்பாற்று முகத்துவாரங்கள் வழியே வங்கக் கடலில் சேர்க்கிறது. வடகிழக்குப் பருவமழை மாதங்களில்தான் இந்த வரத்து மிகுதி. செஞ்சிக் கோட்டையைத் தாங்கும் மலையின் ஓர் அணுத்துகள் புதுச்சேரிக் கடலில் ஓடாக மாறியிருக்கலாம்.

டயாட்டத்துக்கு ஏறத்தாழ நைட்ரஜன் அளவுக்கே சிலிக்கானும் வேண்டும். சாக்கடை நீர் நைட்ரஜனையும் பாஸ்பரசையும் பெருக்கும். சிலிக்காவை அந்த விகிதத்தில் பெருக்காது. சிலிக்கா தீர்ந்தால் வேறு பாசிகள் இடம்பிடிக்கும். அணைநீரில் வளரும் டயாட்டங்களே சிலிக்காவைப் பிடித்து அடியில் படியவைப்பது உலகின் பல ஆறுகளில் அறியப்பட்டது. சங்கராபரணியின் குறுக்கே வீடூர் அணை இருப்பதால், இக்கரையில் மீன்வளத்தைக் கணக்கிடுவோர் சிலிக்காவையும் அளப்பது அவசியம். சேற்றை மேயும் மடவைக்கும், கடல்நீரை வடிகட்டி உண்ணும் மத்திக்கும் டயாட்டம் முக்கிய உணவு.

சோழமண்டலக் கரையின் மிதவை டயாட்டங்களை முறையாக வகைப்படுத்திய முன்னோடிப் பணி ஆர். சுப்பிரமணியன் 1946இல் வெளியிட்ட சென்னைக் கடற்கரை ஆய்வு. 1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. வி. தேசிகாச்சாரி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் ஓட்டின் நுண்ணமைப்பை ஆராய்ந்தார். அவர் பெயரில் 1986 முதல் வெளிவந்த டயாட்டம் படத்தொகுதிகளை இனம் காண்போர் இன்றும் புரட்டுகிறார்கள்.