பெயர் சொல்லாத 28 இலட்சம் பெண்கள்



விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் 1951 அக்டோபரில் தொடங்கி 1952 பிப்ரவரியில் முடிவுற்றது. வாக்காளர்கள் 17 கோடிக்கும் மேல், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். ஆகவே, ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து அதன்மீது அவர்தம் சின்னத்தை ஒட்டினர். விரும்பிய பெட்டியில் சீட்டை இட்டால் போதுமானது. எழுத்தறியாமைக்கு இவ்வாறு வழி கண்டவர்களால் ஒரு பழைய வழக்கத்தை எளிதில் கடக்க இயலவில்லை.

வாக்காளர் பட்டியல் தயாரிக்க வீடுதோறும் சென்ற அலுவலரிடம் பெண்கள் பலர் தம் பெயரைக் கூற மறுத்தனர். அயலாரிடம் பெயர் சொல்லுதல் அவர்கள் மரபன்று. பீகார், உத்தரப் பிரதேசம், இராஜஸ்தான் போன்ற பகுதிகளில் இது மிகுதி. எனவே, ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் தாய்’ என்றே அவர்கள் பதியப்பட்டனர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் இதனை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராதவர்களை நீக்குமாறு பணித்தார். ஏறத்தாழ 8 கோடிப் பெண் வாக்காளர்களுள் சுமார் 28 இலட்சம் பேர் வாக்குரிமை இழந்தனர்.

கொடிய முடிவு என்று சிலர் கூறலாம். கணவர் பெயரால் மட்டுமே அறியப்படுபவர் அளிக்கும் வாக்கு யாருடையது என்று நான் கேட்பேன். சென் செய்தது சரியே. ஆயினும் அதற்கு விலை கொடுத்தவர் அவரல்லர், அப்பெண்களே. பெயரை மறைக்கும் வழக்கத்தையும் அவர்கள் தாமே விரும்பி ஏற்படுத்திக்கொள்ளவில்லையே!

1957ஆம் ஆண்டுத் தேர்தலின்போது, வயதுவந்த பெண்களுள் 94 விழுக்காட்டினர் பட்டியலில் இடம்பெற்றிருந்தனர்.