415 ஜோடிகள்

தெற்கு உகாண்டாவின் ராக்காய் மாவட்டத்தில் அந்த நோய்க்கு முதலில் 'ஸ்லிம்' என்றுதான் பெயர். ஆள் மெலிந்துகொண்டே போய்ச் சாவதால் ஊர்க்காரர்கள் வைத்த பெயர். 1985இல் டேவிட் செர்வாடாவும் சக மருத்துவர்களும் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பில் அந்தச் சொல்லே இருந்தது. சில வருடங்களில் அங்கே ஒரு பெரிய ஆய்வுத்திட்டம் வேர் பிடித்தது. ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரியில் காத்திருக்கவில்லை. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்தார்கள்.

1994இலிருந்து 1998 வரை, பத்து மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள். பாதி ஊர்களுக்குப் பால்வினை நோய்களுக்கான ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். எச்ஐவி பரவல் குறையும் என்று எதிர்பார்ப்பு. குறையவில்லை. ஆனால் சேர்த்துவைத்த ரத்தம் இருந்ததே! அதைத் திரும்ப ஆராய்ந்து, இருவரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருந்த 415 ஜோடிகளைக் கண்டுபிடித்தார்கள். அதிகபட்சம் 30 மாதக் கணக்கு அது. அதற்குள் 90 பேருக்குத் துணையிடமிருந்து தொற்றியிருந்தது. ஒரு மில்லிலிட்டரில் வைரஸ் எண்ணிக்கை 1500க்குக் கீழே இருந்தவர்களிடமிருந்து மட்டும் ஒருவருக்கும் பரவவில்லை.

வைரஸைக் குறைத்தால் பரவலை நிறுத்தலாம் என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். அந்த அறிவின் முக்கியமான வேர் இந்த 90 பேரில் இருக்கிறது.

2000 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதைப் பிரசுரித்தபோது, அதே இதழில் ஆசிரியர் மார்சியா ஏஞ்சல் சங்கடத்தோடு ஒரு தலையங்கமும் எழுதினார். நூற்றுக்கணக்கான நோயாளிகளைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார்களே, அமெரிக்காவில் இப்படிச் செய்திருக்க முடியுமா என்பது அவர் கேள்வி. மறுபக்கமும் இருந்தது. அப்போது ராக்காயில் எச்ஐவி மருந்து கிடைக்காது. பரிசோதனை முடிவும் ஆலோசனையும் ஆணுறையும் இலவசமாகவே தந்தார்கள். சம்மதமில்லாமல் துணையிடம் சொல்ல உகாண்டாவின் விதி இடம் தரவில்லை. இரண்டு பக்கமும் உண்மை. அதுதான் கஷ்டம்.

என் வேலையில் வாரம் ஒரு ஏ/பி டெஸ்ட் ஓடும். பாதிப் பேருக்குப் பச்சை பட்டன், பாதிப் பேருக்கு நீலம். யார் எந்தப் பக்கம் விழுந்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அதனால்தானோ என்னவோ, எந்தப் பக்கம் விழுகிறோம் என்பதில் உயிர் இருக்கும் சோதனைகளை என்னால் சும்மா படித்துவிட்டுப் போக முடிவதில்லை.

2011இல் சென்னையும் புனேயும் உட்பட ஒன்பது நாடுகளில் 1763 ஜோடிகளிடம் நடந்த எச்பிடிஎன் 052 ஆய்வு, சீக்கிரம் மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. முடிவு தெளிவானதும், காத்திருந்தவர்களுக்கும் மருந்து தர முன்வந்தார்கள்.

அடுத்த கேள்வி, ஊர் முழுவதற்கும் இதைச் செய்தால் என்ன ஆகும் என்பது. உகாண்டாவிலும் கென்யாவிலும் 32 கிராமப்புறச் சமூகங்களில் 2013இல் தொடங்கியது 'சர்ச்' ஆய்வு. கூடாரம் போட்டுத் திருவிழா மாதிரி முகாம். பிபி, சுகர், மலேரியா எல்லாவற்றோடும் எச்ஐவி பரிசோதனை. எச்ஐவிக்கு மட்டும் வரிசை என்றால் நிற்பவரை ஊரே பார்க்கும். சுகருக்கு யாரும் நிற்கலாம். வராதவர்களை வீட்டுக்கே தேடிப் போனார்கள். தொடக்கத்திலேயே சுமார் 90 சதவீதம் பேருக்குப் பரிசோதனை முடிந்தது, ஒப்பிடுவதற்காக வைத்த ஊர்களிலும்தான். நடுவில் 2015இல் எல்லாருக்கும் மருந்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்ல, அரசாங்கங்களின் விதியும் மாறியது. ஒப்பீட்டு ஊர்களுக்கும் மருந்து போனது.

2019இல் முடிவு வந்தது. மூன்று வருடத்தில் புதிய தொற்று ஒரு பக்கம் 0.77 சதவீதம், மறுபக்கம் 0.81. சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. புள்ளியியல் கணக்கில் இது தோல்வி. ஆனால் முழுத் திட்டம் நடந்த ஊர்களில் வருடாந்தரத் தொற்று 32 சதவீதம் குறைந்திருந்தது.

அந்த வித்தியாசம் காணாமல் போனதற்கு ஒரு பெரிய காரணம், இந்தமுறை யாரையும் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கவில்லை என்பது. ராக்காயில் கிடைத்தது துல்லியமான எண். இங்கே கிடைத்தது மங்கலான எண். எனக்கு இந்த மங்கலான எண்ணைத்தான் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தத் துல்லியமான எண் இல்லாமல் இந்தக் கூடாரங்களை யாரும் போட்டிருக்கமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.